மூன்று சைக்கிள் தாங்கும் ரேக்

வருகிற சனிக்கிழமை தன் மனைவி லோரீனின் சைக்கிள் டர்க்கின் காரில் ஏறக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கும்போது வெண்டல் முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆளும் ஆட்டினார். முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் வெண்டலோடு உடனே ஒத்துப்போன ஒரே ஆள் அவர்தான்.

டர்க் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி நாலு வருஷமாகிறது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷனுக்கு இருக்கக் கூடாத கெண்டைக்கால் அவருக்கு இருந்தது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதை அரைக்கால் சட்டைக்குக் கீழே தொங்கவிட்டு விஸ்கான்சின் மாநிலம் முழுக்கக் காட்ட வேண்டுமா?

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு டர்க் ஒரு சைக்கிள் ரேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார். அதைத் தன் கார் டிக்கியின் முதுகில் சாய்த்து, பட்டைகளின் கொக்கியை மேலும் கீழும் மாட்டி, ஒரு இழு இழுப்பார். அப்புறம் தன் சைக்கிள். அதன்மேல், அதைத் தொட்டுக்கொண்டு, லோரீனின் சைக்கிள். இரண்டும் ஒன்றை ஒன்று அணைத்தபடி தெருமுனையில் திரும்பி மறையும். சமையலறை ஜன்னலில் வெண்டல் ஆறிப்போன காப்பியோடு நிற்பார்.

அவர்கள் போவது பழைய ரயில் தடத்துக்கு. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அதில் சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். வெண்டலின் வயிற்றில் எரிந்தது பாதை அல்ல. வழியில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் உண்டு. முக்கால் மைல். உள்ளே விளக்குக் கிடையாது. சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். போக இருபது நிமிஷம், திரும்ப இருபது நிமிஷம். மே மாதத்திலிருந்து பன்னிரண்டு சனிக்கிழமை. வெண்டல் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டர் பார்ப்பவர், கணக்கில் தப்பு வராது. தன் மனைவி டர்க்கோடு இதுவரை எட்டு மணி நேரம் இருட்டில் இருந்திருக்கிறாள்.

இதையெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துத்தான் வந்தார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில்தான் பொறுமை அறுந்தது.

"டர்க் பட்டை இறுக்குற அழகே அழகு" என்றாள் லோரீன், உருளைக்கிழங்கைப் பிசைந்தபடி.

"என்ன பட்டை?"

"ரேக் பட்டைதான். மொத்தம் ஆறு. மூணே நிமிஷத்துல முடிச்சிடுறாரு. பெயிண்ட்ல ஒரு கீறல் விழணுமே."

"அவரு காரு, அவரு பெயிண்ட்டு."

"என் பெடல் ஆடி இடிக்கும்னு அதுக்குத் துணி கூட சுத்தி விடுறாரு."

"என்ன துணி?"

"அவரோட பழைய சாக்ஸ்."

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தன் மனைவியின் பெடல் வேற்று ஆளின் சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறது. ஊரே பார்க்கிறது.

"அந்தச் சுரங்கத்துல குளிருமே" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

"ரொம்பக் குளிரும். அவரு எப்பவும் ரெண்டு மேல்சட்டை கொண்டு வருவாரு."

"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. உனக்கு இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கவா?"

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார்கள். ஒன்று பிரமாதமாக இருந்தால் 'மோசமில்ல' என்பார்கள். அதற்குமேல் புகழ வார்த்தை கிடையாது. வெண்டல் தனி ஆளாக நின்று வீட்டுக்கூரை முழுவதையும் மாற்றியபோது லோரீன் அண்ணாந்து பார்த்து "மோசமில்ல" என்றாள். கல்யாணத்தன்று மோதிரம் போட்டபோதும் அதையேதான் சொன்னாள். அந்த வாயிலிருந்து 'அழகே அழகு' என்று ஒரு சொல் வந்து, அது ஒரு பட்டைக்குப் போய்விட்டது.

புதன்கிழமை வெண்டல் ஒரு ரேக் வாங்கினார். கடையிலேயே பெரியது. பெட்டியின் மேல் 'மூன்று சைக்கிள் தாங்கும்' என்று எழுதியிருந்தது. டர்க்கினுடையது இரண்டுதான் தாங்கும்.

பெட்டிக்குள் ஒரு படத்தாள் இருந்தது. அதில் ஒரு மனிதன் சிரித்துக்கொண்டே ரேக் மாட்டிக்கொண்டிருந்தான். வெண்டல் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்க கராஜில் அந்த இரும்போடு மல்லுக்கட்டினார். முதல் தடவை மாட்டியபோது கார்மேல் பெரிய நண்டு ஒன்று விழுந்து செத்துக் கிடப்பதுபோல இருந்தது. இரண்டாம் தடவை ரேக் உறுதியாக நின்றது, ஆனால் தலைகீழாக. மூன்றாம் தடவை அவருடைய இடது கட்டைவிரலும் பட்டைக்குள் சேர்ந்து மாட்டிக்கொண்டது. விரலை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் லோரீன்.

"என்ன அது?"

"ரேக்."

"யாருக்கு?"

"நமக்குத்தான். இனிமே உன் சைக்கிள் நம்ம கார்லதான் போகும். நானும் வரேன்."

லோரீன் ரேக்கைப் பார்த்தாள். அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். திரும்பவும் ரேக்கைப் பார்த்தாள்.

"எத்தனை தாங்கும்?"

"மூணு."

"மூணா?"

"மூணு. டர்க்கோடது ரெண்டுதான் தாங்கும். நீயே எண்ணிப் பாரு."

"மோசமில்ல" என்றாள்.

வெண்டலுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்ததும் லோரீன் அவருடைய பழைய சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். டயருக்குக் காற்றடித்தாள். பதினோரு வருஷமாக அதில் குடியிருந்த சிலந்தியைப் பத்திரமாக வெளியே கொண்டு விட்டாள்.

"உன் ஹெல்மெட்டு, ஷூ, டார்ச்சு எல்லாம் எங்க வைக்கட்டும்? பின்சீட்டுல போடவா?"

"சீட்டுலயா? மண்ணாயிடும். எத்தனை தடவை சொல்றது? டிக்கியில வை."

"சரி, டிக்கியில" என்றாள் லோரீன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரேக் வந்த நேரம், பெண்டாட்டிக்குப் பணிவும் சேர்ந்து வந்துவிட்டது என்று வெண்டல் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ரேக் மாட்ட முக்கால் மணி நேரமானது. டர்க் தன் புல்தரையில் கையில் கோப்பையோடு நின்று பார்த்தார். எங்கள் ஊரில் கேட்காமல் உதவுவது மரியாதைக் குறைவு. பார்க்காமல் இருப்பதும் மரியாதைக் குறைவு.

"தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் டர்க் கடைசியில்.

"சொல்லுங்க, சொல்லுங்க."

"பட்டை நுனி காத்துல படபடன்னு அடிக்கும். ஒரு முடிச்சுப் போட்டுட்டா அடங்கிடும்."

டர்க் ஒன்று என்றால் வெண்டல் ஐந்து. பட்டைக்கு ஐந்து முடிச்சு வீதம் முப்பது முடிச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். யானையைக் கட்டினாலும் அவிழாது.

அடுத்து ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போது கூப்பிடாமல் கிளம்ப முடியாது. கூப்பிட்டவுடன் வந்துவிடவும் கூடாது. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் நிஜமாகவே கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். வெண்டல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் திட்டத்தோடு ஆரம்பித்தார்.

"நீங்களும் வாங்களேன், டர்க்."

"ஐயோ, வேணாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன, வாங்க."

"பரவாயில்ல, நீங்க போயிட்டு வாங்க. நான் புல்லு வெட்டணும்."

"சரி, அப்படின்னா..." என்று வெண்டல் சாவியை எடுத்தார்.

"வாங்க டர்க்" என்றாள் லோரீன் காருக்குள்ளிருந்து. "ரேக் மூணு தாங்குமாம்."

"அவ்வளவு சொல்றீங்கன்னா சரி" என்றார் டர்க். போய்த் தன் சைக்கிளைக் கொண்டு வந்து, தானே ஏற்றி, லோரீனின் பெடலுக்கு ஒரு சாக்ஸும் வெண்டலின் பெடலுக்கு ஒரு சாக்ஸும் மாட்டிவிட்டார். இரண்டும் ஒரே ஜோடி.

ஆனாலும் வெண்டல் தளரவில்லை. முன்சீட்டில் யார்? லோரீன். அவள் பக்கத்தில் யார்? தான். டர்க் எங்கே? பின்சீட்டில், முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துக்கொண்டு. வழியில் சின்னதாக ஒரு மழை பெய்து ஓய்ந்தது. வெண்டலுக்குச் சீட்டியடிக்கக்கூடத் தோன்றியது. இன்றைக்கு அந்தச் சுரங்கத்தில் லோரீனின் பக்கத்தில் நடக்கப்போவது அவர்தான். டர்க் வேண்டுமானால் பின்னால் வந்து இரண்டு மேல்சட்டையையும் தானே போட்டுக்கொள்ளட்டும்.

பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்கள். மூன்று சைக்கிளும் இறங்கின. லோரீன் ஹேண்டில்பாரில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். டர்க்கும் அப்படியே. வெண்டல் தன்னுடையதை எடுக்க டிக்கிக்கு வந்தார்.

டிக்கி அங்கேதான் இருந்தது. அதன்மேல் ரேக் இருந்தது. ரேக்கைச் சுற்றி முப்பது முடிச்சு இருந்தது. அவற்றை அவிழ்க்காமல் டிக்கி திறக்காது. மழையில் நனைந்து ஒவ்வொன்றும் நெல்லிக்கொட்டையாக இறுகியிருந்தது.

ஒரு முடிச்சை நகத்தால் பிறாண்டினார். நகம்தான் போனது.

"கத்தி இருக்கா?" என்றாள் லோரீன்.

"இருக்கு."

"எங்க?"

"டிக்கியில."

லோரீன் வாயைக் கையால் மூடிக்கொண்டு மரங்களைப் பார்த்தாள். டர்க் பெருந்தன்மையாகக் குனிந்து தன் டயரைப் பார்த்தார்.

"உன் ஹெல்மெட்டை மட்டும் ஹேண்டில்பார்ல மாட்டின. என்னோடதையும் மாட்டியிருக்கலாம்ல?" என்றார் வெண்டல்.

"நான் பின்சீட்டுல வைக்கவான்னுதான் கேட்டேன். நீதான் டிக்கியில வைக்கச் சொன்ன."

"என்கிட்ட இன்னொரு டார்ச் இருக்கு. ஹெல்மெட்டும் வாடகைக்குக் கிடைக்கும்" என்றார் டர்க்.

"ஷூ?" என்றாள் லோரீன்.

மூன்று பேரும் வெண்டலின் காலைப் பார்த்தார்கள். கால் ஆணிக்காக அவர் எப்போதும் வீட்டில் போடும் கம்பளிச் செருப்போடுதான் கார் ஓட்டுவார். அந்தச் செருப்பில் இருபத்தெட்டு மைல் மிதித்தால் கம்பளி அங்கங்கே மிஞ்சும். கால் மிஞ்சாது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றாள் லோரீன், அப்போதுதான் தோன்றியதுபோல. "நீ காரை எடுத்துக்கிட்டு அந்த முனைக்கு வந்துடு. அங்க பழம் வச்சுச் சுட்ட பை விக்கிற கடை ஒண்ணு இருக்கு. நிழல்ல உக்காந்திரு. நாங்க ஓட்டிக்கிட்டே வந்து சேர்ந்துடுறோம்."

"அந்த முனைக்கா? நீங்க எப்பவும் பாதியில திரும்பிடுவீங்களே."

"திரும்பாம என்ன பண்றது? கார் இங்க நின்னா சைக்கிளும் இங்கதான வரணும். காரைக் கொண்டு வர ஆள் இல்லாமதான இத்தனை நாள் பாதியில திரும்பினோம்."

"அப்ப இன்னிக்கு மிச்ச ரெண்டு சுரங்கத்தையும் பாத்துடலாம்" என்றார் டர்க்.

"மிச்சமா?" என்றார் வெண்டல். "மொத்தம் எத்தனை?"

"மூணு. கடைசிதான் ரொம்ப நீளம்."

லோரீன் வெண்டலின் சைக்கிளைத் திரும்ப ரேக்கில் ஏற்றிவிட்டு, அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு சைக்கிளும் சரளைக்கல் பாதையில் சரசரவென்று போயின. மரநிழலுக்குள் முதலில் டர்க்கின் கெண்டைக்கால் மறைந்தது. அப்புறம் லோரீன்.

வெண்டல் தனியாகக் காரை ஓட்டினார். பின்னால் அவருடைய சைக்கிள் ஒற்றையாக ஆடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மேடு வரும்போதும் இந்நேரம் எந்தச் சுரங்கம், எத்தனையாவது நிமிஷம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. கணக்கு வந்தால் தொல்லைதான்.

பை கடை சின்னது. வெளியே இரண்டு மேஜை. கல்லாவில் இருந்த அம்மாள் அவரை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். காலில் வந்ததும் பார்வை நின்றது.

"நீங்க வெண்டல்தானே?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"ரேக் மாட்டின கார்ல, வீட்டுச் செருப்போட ஒருத்தர் வருவாருன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க."

"இப்ப போன் பண்ணினாளா?"

"இல்லையே. திங்கட்கிழமை மத்தியானம் பண்ணினாங்க."

வெண்டல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரேக் வாங்கியது புதன்கிழமை. முடிவெடுத்தது செவ்வாய்க்கிழமை. சாக்ஸ் கதையைச் சொன்னது திங்கட்கிழமை இரவு. அவர் பொறுமை அறுவதற்கு ஏழு மணி நேரம் முன்னாலேயே அவர் வரவு இங்கே பதிவாகியிருக்கிறது.

அந்த அம்மாள் புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட ருபார்ப் பையில் ஒரு துண்டை அவர் முன்னால் வைத்து, ஒரு கரண்டியும் வைத்தாள்.

"நிதானமாச் சாப்பிடுங்க. இலையெல்லாம் உதிர்ந்து முடியிற வரைக்கும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உங்களுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க."