நீக்கும் உரிமை

கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்றியவர்கள் உலகில் ஏராளம். கருத்துகளிடமிருந்து உலகைக் காப்பாற்றிய மாமனிதர் ஒருவரே. அவர் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் உரிமையாளர். உச்சி மாடியில் குடியிருந்தார். அதைவிடப் பெரிய பதவியும் ஒன்று உண்டு: குடித்தனக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கு அவர்தான் அட்மின்.

குழுவில் காலை வணக்கம் சொல்லலாம். அவர் போடும் ரோஜாப்பூவைப் பாராட்டலாம். மற்றதெல்லாம் 'கட்டடத்தின் மாண்புக்குக் குந்தகம்'.

கீழ்த்தளத்துத் தையல்காரர் ஒருநாள் எழுதினார்: "சார், மொட்டைமாடித் தொட்டியில விரிசல் விட்டிருக்கு."

உரிமையாளர் பதறிப்போனார். தன் தொட்டியைப் பற்றி, தன் குழுவில், தன்னைக் கேட்காமல் ஒரு கருத்து! உடனே நீக்கினார்.

"ஏங்க, நிஜமான்னு ஒரு எட்டு ஏறிப் பார்த்துடலாமே?" என்றார் மனைவி.

"நிஜமா பொய்யாங்கிறதா பிரச்சினை? குழு யாருது?"

தையல்காரர் அவரைப் படியில் மடக்கினார். "குழுவுல பேசக்கூடாதுன்னா வேற எங்க சார் பேசறது?"

"ஊர்ல இவ்வளவு தெரு இருக்கே!"

"அப்ப தெருவுல பேசட்டுங்களா?"

"ஐயோ, கட்டடத்தோட மானம் என்னாகிறது?"

முதல் மாடிப் பல் டாக்டரம்மா விரிசலைப் படமெடுத்து அவருக்குத் தனியாக அனுப்பினார். படம் தெளிவாக இருந்தது. தெளிவு அவருக்கு ஆகாது. டாக்டரம்மாவின் எண்ணுக்கே தடை விதித்தார். கையோடு, குழுவில் இனி அட்மின் மட்டுமே எழுதலாம் என்றும் மாற்றியமைத்தார்.

பேரமைதி நிலவியது. பூ போட்டுவிட்டு நாள் முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஒருமித்த ஆதரவு!" என்று மனைவியிடம் பெருமைப்பட்டுவிட்டு, மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தார்.

இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் தொட்டி உடைந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தால், கூடமெல்லாம் தண்ணீர். மெத்தை ஊறி, மாவு மூட்டைபோல் கனத்துக் கிடந்தது.

"இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடவா சொல்லல?" என்று படியில் நின்றவர்களைப் பார்த்து அலறினார்.

"குழுவுல எழுத முடியல சார். தெருவுல கத்தலாம்னா, மானம் போயிடும்னீங்க," என்றார் தையல்காரர் பணிவோடு.

"நான் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். உள்ளயே போகல," என்றார் டாக்டரம்மா.

உரிமையாளர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு வாளியை எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்தார்.

"வீடும் உங்களுது, தண்ணியும் உங்களுது. உள்ள எது இருக்கலாம், எது இருக்கக்கூடாதுங்கிறது உங்க உரிமை. நாங்க யாரு குறுக்க வர? நீக்குங்க!"