ரெஜினாவின் குரலுக்கு வாரிசுச் சான்று

ராயபுரத்தில், மாதா கோயில் மணிக்கும் கூட்ஸ் வண்டிக்கும் நடுவே ஒரு சந்து. அதில் ஒரே வீட்டில் முப்பத்தொரு வருஷமாக வாடகைக்கு இருந்தார் அலெக்ஸாண்டர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் பெங்களூரோடு போய்விட்டவர், ஒருநாள் போனில், "நீங்களே வாங்கிக்கோங்க" என்றார். அலெக்ஸாண்டரின் மனைவி ரெஜினா அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட இத்தனை வருஷமும் அனுமதி கேட்டவள் அவள். இனிமேல் கேட்காமல் அடிக்கலாம்.

கடன் கேட்டுப் போன வங்கியில் எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டு, ஒன்று குறைகிறது என்றார்கள். அமைதிச் சான்று.

விஷயம் இதுதான். பழைய வீடு வாங்குவது நகரத்தில் திடீரென்று நாகரிகமாகிவிட்டது. தெற்கே பதினாலாவது மாடியில் இருந்தவர்களெல்லாம் மர உத்தரம் தேடி வடக்கே வர ஆரம்பித்தார்கள். இதைக் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்த மேலிடம், 'அமைதி மற்றும் தொன்மை மேம்பாட்டுப் பிரிவு' என்ற அலுவலகத்தைத் திறந்து, அந்தச் சந்து உட்படப் பதினோரு சந்துகளை 'அமைதிமிகு தொன்மைக் குடியிருப்பு' என்று அறிவித்து, அங்கே வீடு வாங்க அமைதிச் சான்று கட்டாயம் என்றது. அறிவிப்பதற்கு முன்னால் யாரும் வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்திருந்தால் அறிவித்திருக்க முடியாது.

அளவெடுக்க வந்தவர் உதவி ஆய்வாளர் ராமசெல்வி. கையில் சத்தம் அளக்கும் மீட்டர், கக்கத்தில் கோப்பு. காலை பதினோரு மணிக்கு முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கூட்ஸ் வண்டி ஊதியது. மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது.

"போச்சு" என்றார் அலெக்ஸாண்டர்.

"ஒண்ணும் போகல சார். ரயில் வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆகுது. நூறு வருஷம் தாண்டின சத்தம் தொன்மை. தொன்மை சத்தமாகாது" என்று ராமசெல்வி ஒரு டிக் போட்டார்.

கோயில் மணி அடித்தது. அதுவும் தொன்மை. வெளியே கன்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடித்தது. ஓட்டுப் பல்லி ஒன்று கீழே விழுந்தது.

"லாரி புதுசாச்சே மேடம்" என்றார் அலெக்ஸாண்டர். கிரேன்காரர், பொய் வராது.

"லாரி எங்க போகுது?"

"ஆர்பருக்கு."

"ஆர்பர் பழசா புதுசா?"

"பழசு."

"அப்போ இது தொன்மைசார் துணை ஒலி." இன்னொரு டிக்.

அப்போதுதான் ரெஜினா சமையலறையிலிருந்து வந்து, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து, "உஸ்மா, தண்ணி வந்துகினு கீது, குடத்த எடுத்தாமே" என்றாள். தினம் அந்த நேரத்தில் சொல்வதுதான். மீட்டர் அறுபத்தெட்டு காட்டியது.

ராமசெல்வியின் பேனா நின்றது. "இது யாரோட சத்தம்?"

"என்னுது தான்."

"நீங்க பொறந்த வருஷம்?"

"எழுபத்தொண்ணு."

"நூறு வருஷம் ஆகலையேம்மா. இந்த வீட்ல இருக்கிற ஒரே சத்தம் நீங்கதான்."

"அப்போ நான் பேசக் கூடாதா?"

"தாராளமா பேசலாம். வேற எங்கயாவது."

அலெக்ஸாண்டர் நியாயம் கேட்டார். இவள் பிறந்து வளர்ந்தது இதே சந்து. அவள் அப்பா, தாத்தா, எல்லாருமே இப்படித்தான் பேசினார்கள். ராமசெல்வி கோப்பைப் புரட்டி, அதற்கும் வழி உண்டு என்றார். குரல் வாரிசுச் சான்று. நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் குரல் இந்தச் சந்தில் கேட்டது என்பதற்கு எழுத்துமூலமான ஆதாரம் வேண்டும். கூடவே, அந்தக் குரல் இன்றும் தொடர்கிறது என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அலெக்ஸாண்டர் கோயில் அலுவலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினார். 1908-ஆம் வருஷப் பக்கத்தில், குழந்தையின் தகப்பன் படகோட்டி சவரிமுத்து என்ற பெயருக்குப் பக்கத்தில், அன்றைய சாமியார் எழுதிவைத்திருந்தார்: 'இவர் பூசை நேரத்தில் உரக்கப் பேசுகிறார். பலமுறை சொல்லியும் பயனில்லை.' சவரிமுத்து ரெஜினாவின் கொள்ளுத்தாத்தா.

உஸ்மா கையெழுத்துப் போட்டாள். அவள் பக்கத்து வீட்டில் பன்னிரண்டு வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறவள். "அக்கா கொரல் இல்லன்னா எனக்குப் பொழுதே விடியாது, அதையும் எழுதிக்குங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

அமைதிச் சான்று வந்தது. வீடு அவர்களுடையதாயிற்று. ரெஜினா ஒரே நாளில் ஒன்பது ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு நான்கு படங்கள்தான் இருந்தன.

ஆனால் சான்றின் பின்பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தொன்மை வீட்டு உரிமையாளர் மாதந்தோறும் தொன்மையற்ற சத்தம் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். ரெஜினா முதல் மாதம் 'இல்லை' என்று எழுதினாள். படிவம் திரும்பி வந்தது. 'இல்லை என்பது சத்தம் அல்ல. முறையாகப் பூர்த்தி செய்யவும்.'

ரெஜினா பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் அது அவள் காதில் விழுந்தது. "சும்மா பேருக்கு தான" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

உஸ்மாவுக்கு நோட்டீஸ் போனது. அவள் கிரைண்டரை டோல்கேட் பக்கம் தங்கை வீட்டுக்கு மாற்றினாள். தினம் மாவுக் குண்டானோடு பஸ் ஏறினாள். சுவருக்கு இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பதில் வராத சுவரைப் பார்த்துப் பேச ரெஜினாவுக்கும் வாய் வரவில்லை.

அடுத்த ஆய்வில் ரெஜினாவின் குரல் முப்பத்தொன்று காட்டியது.

"என்னம்மா இது? பாதுகாக்கப்பட்ட தொன்மை பாதிக்கு மேல தேஞ்சு போயிருக்கு" என்று ராமசெல்வி வருந்தினார். "அறுபத்தெட்டுக்கு வரலன்னா சான்று ரத்து. சான்று ரத்தானா லோனும் ரத்து."

"கேக்குறதுக்கு ஆள் இல்லாம எப்புடி மேடம் பேசறது?" என்றாள் ரெஜினா. அவள் கண் கலங்கியது. அலெக்ஸாண்டருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மாற்றுக் கேட்பாளராகத் தன்னை நியமிக்கும்படி அன்றே மனு எழுதினார். உறவு: கணவர். கேட்ட அனுபவம்: முப்பத்தொரு ஆண்டுகள்.

இரண்டு வாரம் கழித்து ராமசெல்வி ஆணையோடும், கடைசி அளவுக்காக மீட்டரோடும் வந்தார். ரெஜினா முற்றத்தில் நின்று ஆணையை வாய்விட்டுப் படித்தாள்: "மனுதாரர் முப்பத்தொரு ஆண்டுகள் உடனிருந்தார் என்பது ஏற்கப்படுகிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது."

மறுபடியும் ஒருதடவை படித்தாள். பிறகு சந்து முழுக்கக் கேட்கும்படி, "இந்த ஆபீஸ்காரங்க எழுதுனதுலயே இது ஒண்ணுதான்யா கரெக்டா கீது" என்றாள்.

மீட்டர் அறுபத்தொன்பது காட்டியது. வீடு பிழைத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் உஸ்மா அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள். ரெஜினாவும் சுவரில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

ராமசெல்வி புதுப்பக்கம் திருப்பினார். "பக்கத்து வீட்டுச் சிரிப்பு. எழுபத்திரண்டு. நூறு வருஷம் ஆகல" என்று எழுதிவிட்டு, "புகார்தாரர் யாரு?" என்று கேட்டார்.

அலெக்ஸாண்டர் ஆணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பேனாவ இப்புடி குடுங்க மேடம்" என்றார்.