ரேஸ் டயரும் தேர்த் தடியும்

ஆடிப்பூரத் தேருக்கு இந்த வருசம் நான் போகப் போறதில்ல. ஆனி மாசமே முடிவு பண்ணிட்டேன். கடையில சாமி படத்துக்கு முன்னால நின்னு சத்தமாவே சொன்னேன். வீட்டுல மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொன்னேன்.

காரணம் என் மாமனார். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குத் தடி போடுறவர். சக்கரத்துக்கு அடியில மரக்கட்டையக் குடுத்து, அம்மாம்பெரிய தேர நிறுத்துறதும் திருப்புறதும் அவியதான். தங்கமான மனுசன், என்னப் பாக்காத வரைக்கும். வடம் புடிக்கிற கூட்டத்துல என் தலை தெரிஞ்சா போதும். "ஏ மாப்ளே! டயர் விக்கிற கைக்கு இம்புட்டுத்தான் வலுவா?" நாலு ரத வீதிக்கும் கேக்கும். போன வருசம் தண்ணி தெளிச்ச ரோட்டுல வழுக்கி உக்காந்துட்டேன். "டயர் கடைக்காரரே வழுக்கிட்டாருடோய்"னு அவர் போட்ட சத்தத்துல, தேர விட்டுட்டு ஊரே என்னப் பாத்துச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? ராஜபாளையத்துல பத்தொன்பது வருசமா டயர் கடை வச்சிருக்கேன். என் பேரு சமுத்திரம்; சமுத்திரம் கடை டயர் வழுக்காதுன்னு சேத்தூர் வரைக்கும் பேச்சு.

இந்தக் கோவத்துலதான் எனக்கு பிரஷர் ஏறிப் போச்சு. டாக்டர் பாத்துட்டு, மனசை லேசாக்க ஏதாவது வெளையாடுங்கன்னார். டிவில மாட்டுற வீடியோ கேம் ஒண்ணு வாங்கினேன். கார் ரேஸு. வாங்கின அன்னைக்கே பிரஷர் இன்னும் ஏறிச்சு.

ஏன்னு கேளுங்க. அந்தக் கேம்ல வேகத்துக்கு மரியாதை கிடையாது. வளைவுல கார் பக்கவாட்டுல சறுக்கணும். சறுக்கச் சறுக்கத்தான் பாயிண்டு. இது ஒரு வெளையாட்டா? என் தொழிலையே கேவலப்படுத்துற வேலை! விடுவேனா? கேம் காட்டுற டயர் லிஸ்ட்டுல இருக்குறதுலயே ஒசந்த ரேஸ் டயரா நாலையும் என் காருக்கு மாட்டினேன். ரோட்டை அப்படியே கவ்வும். ஒன்றரை மாசமா ஓட்டுறேன். கார் இம்மியும் சறுக்கல. பாயிண்டும் வரல. கேம் செஞ்சவனுக்கு டயரப் பத்தி ஒரு மண்ணும் தெரியலன்னு தினமும் டிவியப் பாத்துத் திட்டினேன்.

கொடியேத்தத்துக்கு மொத நாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம். என் பெண்டாட்டி அனுசியா கைய முந்தானையில தொடச்சிக்கிட்டு வந்து நின்னா.

"ஏங்க, நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். நீங்க தேர் அன்னைக்கு ஒரு நாளாவது வருவீகள்ல?"

"வரமாட்டேன். கடைய யாரு பாக்குறது?"

"இங்கன இருந்து அரை மணி நேர பஸ்ஸு. கடைக்கு அங்க இருந்தே போயிட்டு வாங்களேன்."

"வரமாட்டேன்னா வரமாட்டேன்! ஒங்கப்பா கிட்ட பேச்சு வாங்க என்னால முடியாது!"

"கத்தாதீக, பிரஷரு. சரி, ஒண்ணு செய்வோமா? இந்தக் கேம்ல நீங்க ஜெயிச்சா வர வேண்டாம். நான் ஜெயிச்சா தேர் அன்னைக்கு ஒரு நாள் வரணும்."

சிரிச்சுட்டேன். "ஏட்டி, ஒனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"

"அதான் சொல்லுதேன். நீங்கதான் ஜெயிப்பீக."

"டயர் எது வேணும்?"

"நீங்க எடுத்தது போக மிச்சத்தக் குடுங்க. டயரப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

அங்கேயே எனக்கு உறைச்சிருக்கணும். பதினாறு வருசத்துல அவ தெரியாதுன்னு சொன்ன மொத விசயம் அது.

எனக்கு ரேஸ் டயர். அவளுக்கு லிஸ்ட்டுலயே கடைசியில கெடந்த சாதா டயர். என் கடையில ஓசிக்குக் குடுத்தாலும் ஒருத்தனும் வாங்க மாட்டான். மலைப்பாதை, ஆளுக்கு ஒரு சுத்து.

நான் மொதல்ல ஓட்டினேன். ஒரு வளைவுலகூட வழுக்கல. சுத்த முடிச்சதுக்குன்னு குடுத்த சில்லறை, நானூத்திப் பன்னெண்டு பாயிண்டு.

அவ கன்ட்ரோலர வாங்கினா. வளைவுக்கு ரொம்ப முன்னாடியே ஹேண்ட் பிரேக்க ஒரு தட்டு. காரோட பின்பக்கம் வெளிய போச்சு. போன பக்கமே ஸ்டியரிங்க ஒடிச்சா. கார் சுத்தாம, விழாம, சறுக்கிக்கிட்டே வளைவு முழுக்கப் போகுது!

"ஏட்டி! வளைவு வரவே இல்ல, அதுக்குள்ள எதுக்கு பிரேக்கு?"

"திருப்பத்துக்கு முன்னாடியே தடியக் குடுத்துரணும். திருப்பத்துக்குள்ள வந்துட்டுக் குடுத்தா தேர் எவன் வீட்டுக்குள்ளயாவது போயிரும்."

"இது காருட்டி! தேரு இல்ல!"

"சறுக்கித்தானே திரும்புது? எல்லாம் ஒண்ணுதான்."

ஆறாயிரத்து எண்ணூத்தி எழுபது.

எனக்குக் கண்ணு செவந்துருச்சு. "டயருதான் காரணம்! அந்த ஓட்ட டயரு ஈசியாச் சறுக்குது. ஏமாத்துற! மாத்திக் குடு! இன்னொரு ஆட்டம்!"

"ரெண்டாவது ஆட்டமா? அப்ப பந்தயமும் பெருசா இருக்கணும்ல. தோத்தா, கொடியேத்தத்துல இருந்து பத்து நாளும் எங்க வீட்டுல இருக்கணும்."

"இருக்கேன்! இருபது நாள்கூட இருக்கேன்! குடு அந்த டயர!"

குடுத்தா. மாட்டினேன். மொத வளைவுல பிரேக்க அழுத்தினேன். கார் பம்பரமா மூணு சுத்து சுத்திப் பாறையில முட்டிச்சு. அடுத்த வளைவுல மரம். அதுக்கடுத்து பள்ளம். பாயிண்டு முட்டை.

அவ என் ரேஸ் டயர மாட்டிக்கிட்டா. "இது நல்லாப் புடிக்கிற டயரு. கொஞ்சம் முரட்டுத்தனமாத் தள்ளணும்"னு தனக்குள்ளயே சொல்லிக்கிட்டு, கூடுதல் வேகத்துல உள்ள விட்டா. ஒன்றரை மாசமா எனக்குச் சறுக்காத என் டயரு, அவளுக்குச் சறுக்குது! ரெண்டாயிரத்து முந்நூறு.

"எங்கட்டி படிச்ச இத?"

"நீங்க கடைக்குப் போன பொறவு டிவி சும்மாத்தானே கெடக்குது? சமையல் முடிஞ்சதும் செத்த நேரம் ஓட்டுவேன்."

கன்ட்ரோலரத் தூக்கி எறிஞ்சேன். மெத்தைப் பக்கமாப் பாத்துத்தான் எறிஞ்சேன். "போய்த் தொலையிறேன்! பத்து நாளும் ஒங்கப்பன் வாயில விழுந்து சாகுறேன்! எடு பைய!"

"கட்டிலுக்கு அடியில இருக்கு. காலையிலயே கட்டிட்டேன்."

காலையிலன்னா, பந்தயப் பேச்சு எடுக்குறதுக்கும் முன்னாடி. தேர் அன்னைக்கு ஒரு நாளுக்குன்னு ஒரே ஒரு சட்டைதானே வச்சிருப்பா, அப்படின்னு பைய இழுத்துத் திறந்தேன்.

பத்து சட்டை, பத்து வேட்டி, பத்து பிரஷர் மாத்திரை.