ஊரார் ரத்தமும் டாக்டர் வால்டரும்

மனிதர்களில் ரத்தம் கேட்கும் ரகம் என்று ஒன்று உண்டு. நன்கொடை கேட்பவரை நாளைக்கு வரச் சொல்லலாம்; இந்த ரகத்தை என்ன செய்வது? சிரித்த முகத்துடன் வரும், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளும், கிள்ளும்போதே காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளும்.

டாக்டர் வால்டர் இந்த ரகத்தின் அசல் வாரிசு. மலேசியாவின் திகாம் பத்துவில் பிறந்து, சீமையில் படித்து, எந்த இனத்தாருக்கு எந்த மரபணு, எந்தக் கிருமி யாருடைய ஈரலில் பல ஆண்டு பதுங்கியிருந்து புற்றாகிறது என்பதற்கே வாழ்வை எழுதிவைத்தவர். நல்ல காரியம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் மாதா கோயிலில் நற்கருணை வாங்க எல்லோரும் நாக்கை நீட்டும்போது, யாருடைய நாக்கு குழல்போலச் சுருளும் என்று எட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டில் தாலி ஏறும் நேரம், "மாப்பிள்ளை சொந்தத் தாய்மாமனா? இன்ட்ரஸ்டிங்!" என்பார். இழவு வீட்டில் மாலையோடு நுழைந்து, "மஞ்சக் காமாலை இருந்துச்சா?" என்று கேட்கும்போது அந்த முகத்தில் ஓர் ஒளி வரும் பாருங்கள், பிணம் பார்த்தால் எழுந்து ஓடிவிடும். மனைவி ஜெனவீவ் அவரை விசேஷங்களுக்கு அழைத்துப்போவதையே நிறுத்திவிட்டாள். அழைக்காமலே போனார்.

அவருக்கு ஒரே மனக்குறை: மக்கள் பொய் சொல்கிறார்கள். "குடும்ப நோயைச் சொல்ல இவங்களுக்கு என்னதான் வெக்கமோ!" என்று மாநாடுகளில் கையை விரிப்பார்.

எழுபத்தொன்பதாம் ஆண்டில், கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஐஸ்பெட்டியோடு போய் இறங்கினார். அந்தத் தோட்டத்து ரத்தம் கிடைத்தால் பத்தாண்டு ஆராய்ச்சி நிறைவுறும். கிடைக்காவிட்டால் அத்தனையும் பாதியில் நிற்கும். மரத்தில் பால் இறக்கி, எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்களைக் கூட்டி, "ஒரு துளிதான்" என்றார். ஆராய்ச்சி மொழியில் துளி என்றால் ஒரு குழாய் நிறைய.

முன்னால் நின்ற மருதம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "விடியக்காலையில நாங்க மரத்தைக் கீறுறோம், மத்தியானம் நீங்க எங்களைக் கீற வந்துட்டீங்களா? மழை பேஞ்சா மரத்துக்குக்கூட லீவு உண்டு லா, டாக்டரே!"

சிரிப்பு அடங்கியதும், "சரி, மொதல்ல நாங்க கேக்குறதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. அப்புறம் கைய நீட்டுறோம். ஒங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?" என்றாள்.

"ம்... அத்தை மகள்."

"இன்ட்ரஸ்டிங்!" என்றார் கங்காணி முருகையா, டாக்டர் வந்ததிலிருந்து அவரிடம் கேட்டுப் பழகிய அதே ராகத்தில்.

"அப்பா எதுல போனாரு? ஈரல் நோயா?" என்றாள் மருதம்மாள்.

"சேச்சே, வயித்துவலி."

அது அவர் அம்மா மரியா ஊருக்குச் சொல்லிவைத்த பதில். தங்கைக்கு வரன் கெட்டுவிடக் கூடாதே என்று சொன்னது. அப்பா சில்வெஸ்டர் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஈரல் புற்றில்தான் போனார். மகன் சீமைக்குப் போய்ப் படித்ததே அதனால்தான். தங்கைக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். பதில் மட்டும் மாறவில்லை.

மருதம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "வயித்துவலிக்காரர் மகனுக்கு எங்க ஈரல் மேல என்னா இவ்வளவு அக்கறை? வாங்க லா, போவோம்."

கூட்டம் கலைந்தது. பத்தாண்டு ஆராய்ச்சி முதுகைக் காட்டி நடந்தது.

"இருங்கம்மா!" டாக்டரின் குரல் கீச்சிட்டது. "ஈரல்தான். புத்து. எங்கப்பாவுக்கு."

எல்லோரும் நின்றார்கள். முருகையா சட்டைக் கையை மேலே சுருட்டினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? எங்கப்பாருக்கும் அதேதான். வெளிய நாங்க பேய் அடிச்சிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம்."

"உங்கப்பாவுக்குமா!" டாக்டர் பூரித்துப்போய் ஊசியைத் தேடினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், "குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது..." என்று இழுத்தார்களே, அவர்கள் கேட்டு முடிப்பதற்குள், காப்பியை நீட்டியபடி, எவ்வளவு அழகாக இல்லையென்று தலையை ஆட்டினீர்கள்!