கார்த்திகேசு வாங்கி வந்த ஸ்கேனர்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போவதில்லை என்று கார்த்திகேசு முடிவு கட்டினார். அங்கே மனைவி ஜெயலெட்சுமியின் அக்கா வடிவம்மாள் இருந்தாள். அவளுடைய முட்டி ஆபரேஷன் கதையைப் பதினோரு தடவை கேட்டாயிற்று. தடவைக்கு இரண்டு தையல் கூடிக்கொண்டே போனது.

அதற்கு ஒரு சாக்காகவே, தான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கொடுத்த போனஸில் ஒரு பிலிம் ஸ்கேனர் வாங்கி வந்தார். கல்யாண ஆல்பத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் நெகட்டிவ் மட்டும்தான்.

"லேசுப்பட்ட வேல இல்ல ஜெயா. முப்பத்தாறு படம் லா! ஞாயித்துக்கிழமைதான் உக்கார முடியும். நீ மட்டும் ஃபெரியில போயிட்டு வா."

சொன்ன பொய் அப்படியே பலித்தது. திரை முழுக்கப் பொத்தான்கள். முன்னோட்டம் பார்க்க ஒன்று, ஸ்கேன் எடுக்க ஒன்று. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. 'இது நெகட்டிவ்' என்று சொல்ல வேண்டிய கட்டமோ மூன்று மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. சாயங்காலம் ஜெயா திரும்பி வந்த பிறகுதான் முதல் படம் வந்தது.

"யாருங்க இது, கிருஷ்ணரா?"

"ஒங்கப்பாடி!"

"ஏன் நீலமா இருக்காரு?"

"சாஃப்ட்வேர் எழுதினவன்கிட்ட கேளு!"

மூன்றாவது ஞாயிறு பதினெட்டுப் படம் எடுத்து முடித்தார். திறந்து பார்த்தால் ஒன்றே ஒன்று! எல்லாவற்றையும் ஒரே பெயரில், ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றாகச் சேமித்திருந்தது. 'பழசை அழிக்கவா?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டதாம். இவர் படிக்காமலே ஓகே, ஓகே என்று அமுக்கியிருக்கிறார். மிஞ்சியது, பந்தியில் இவர் அப்பளத்துக்கு வாய் பிளந்த படம்.

"கம்ப்யூட்டரா இது? சனியன்!" மௌஸை மேசையில் ஓங்கிக் குத்தினார். அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போகாத ஜெயா எட்டிப் பார்த்தாள்.

"கோவப்படாதீங்க. கடையில ஒரு தே தண்ணி குடிச்சிட்டு வாங்க."

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார். மானிட்டர் கண்ணாடியில் மூன்று ஸ்டிக்கர் பொட்டு.

"செவப்பு பாக்குறதுக்கு. பச்ச எடுக்குறதுக்கு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பேரு போடணும். அழிக்கவான்னு கேட்டா மட்டும் கறுப்புப் பொட்டுல கை வைக்கவே கூடாது."

"மத்த பொத்தானெல்லாம்?"

"அத நான் ஏன் பாக்கணும்?"

முப்பத்தாறும் முடிந்திருந்தன. மாமனார் மாநிறத்தில் சிரித்தார். கார்த்திகேசு நெகட்டிவ் உறையை உதறிப் பார்த்தார்; காலி. இனி என்ன சாக்குச் சொல்வது?

"சரி, அடுத்த வாரம் ஒங்க அக்கா வீட்டுக்கு நானும் வர்றேன்," என்றார் ஈனசுரத்தில்.

"வேணாங்க. ஒங்களுக்கு அங்க வரப் புடிக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்சி நின்றது. கையில் பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவோடு வடிவம்மாள் இறங்கினாள். பின்னாலேயே இரண்டு பெட்டிகள் இறங்கின.

"தம்பி," என்றாள் வடிவம்மாள், "ஒங்க ரூம்ல ஃபேன் நல்லா சுத்துமா?"