உங்கள் தங்கை குதிரையில் எல்லை தாண்டியது பற்றி

செங்கல் கிராமம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மூத்த மச்சான் வேலாயுதன் அவர்களுக்கு,

தங்கை புருஷன் செல்லசாமி வணக்கத்துடன் எழுதுவது. மகேசுவரத்து சிவபார்வதி அருளால் இங்கே நானும் பசுவும் வாழைகளும் ஓரளவு நலம். கோயம்புத்தூரில் நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை பிரேமகுமாரி மிக மிக நலம். அந்த நலத்தைப் பற்றி முறையிடத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் பக்கத்தில் நின்று அவள் சிரித்தால் எனக்கு வாயடைத்துப்போகும்.

மிருக ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள், இனி வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். அதற்குள் காட்டைக் காக்கும் சங்கம் ஒன்று, நம்ம நெய்யாறு சரணாலயத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் கன்னியாகுமரி சரணாலயம் வரைக்கும் குதிரைப் பயணம் கிளப்பியது. மலைமேல் இரண்டு காடும் ஒட்டித்தான் கிடக்கின்றனவாம், யானைக்கு அது தெரியுமாம், கீழே இருக்கிற நமக்குத்தான் தெரியவில்லையாம். அதனால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசிக்கொண்டு ஊர் சுற்றிப் போகிறார்கள். குதிரைகளைக் கவனிக்க இவளைக் கூப்பிட்டார்கள். பின்னால் ஜீப்பில்தானே போகப் போகிறாள் என்று நானும் தலையாட்டினேன். நெய்யாறு அணையில் கொடியசைக்கிற நேரத்தில் சவாரிக்காரர் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பயணத்தை நடத்துகிற சஜன் கையைப் பிசைந்தான்.

“நான் ஏறட்டா?” என்றாள் உங்கள் தங்கை.

“பிரேமா, இந்த வயசுலயா?” என்றேன்.

“நடக்கப்போறது குதிரையாக்கும். நான் சும்மா இருக்கத்தானே போறேன்.”

ஏறிவிட்டாள், மச்சான். சேலையில் அல்ல. அடியில் சவாரிக் கால்சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்தே வந்திருக்கிறாள்! என் ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டி, பிரஷர் மாத்திரை, வெந்நீர் பிளாஸ்க், தைலம், குடை எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். குதிரை நடக்கிற வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அந்தக் குதிரையின் பெயர் பிங்கி. முன்பு கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை எவனும் எங்களிடம் சொல்லவில்லை. பாறசாலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டது. மற்ற குதிரைகள் நேராகப் போக, பிங்கி மட்டும் காதைத் தூக்கிற்று, திரும்பிற்று, ஆடிக்கொண்டே உள்ளே போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் ஏற்பாடு என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஓடிவந்து வரவேற்றார்கள். கல்யாணப் பெண் “ஆன்டி, ஒரு செல்ஃபி” என்று கேட்டு அது ஆயிற்று. அப்புறம் இவளைப் பந்தியில் உட்காரவைத்து, நம்ம ஊர் வழக்கப்படி போளியில் பாயசம் ஊற்றினார்கள். நான் வியர்த்து வழிந்து வாசலில் நின்றேன். மண்டபத்துக்காரன் ஒருவன் வந்து “சேட்டன் ஆரா?” என்றான்.

“நான் ஹஸ்பண்டாக்கும்.”

என்னை மேலும் கீழும் பார்த்தான். “எங்கில் குதிரையைப் பிடிச்சோ” என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

களியக்காவிளையில் வேறு கூத்து. எல்லைச் சோதனையில் குதிரையின் ஆரோக்கியச் சான்றிதழ் முதல் எல்லாம் இவள் பையில் கச்சிதமாக இருந்தது. என் ஸ்கூட்டருக்குத்தான் இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. “குதிரை போகலாம். வண்டி நிக்கட்டும்” என்றார் போலீஸ்காரர். உங்கள் தங்கை உயரத்திலிருந்து திரும்பி, “பின்னால வாறியளா, நான் போகட்டா?” என்றாள். ஸ்கூட்டரை டயர் கடை யோசுவாவிடம் விட்டுவிட்டு, ஜீப்பில் வைக்கோலுக்கும் கொள்ளு மூட்டைக்கும் நடுவில் ஏறிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதை நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் நடந்ததைக் கேளுங்கள். மரத்தடி ஏற்றி வந்த லாரி ஒன்று முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. பிங்கி பாய்ந்துவிட்டது. சாலையை விட்டு மரங்களுக்குள்ளே, இவளோடு சேர்த்து, ஒரே ஓட்டம். ஜீப்பிலிருந்து குதித்து நானும் ஓடினேன். எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை, மச்சான். “பிரேமா, பிரேமா” என்று கத்திக்கொண்டேதான் ஓடினேன். கால் இடறி, ரப்பருக்கு நடுவில் நட்டிருந்த அன்னாசிப் பாத்தியில் போய் விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள்.

“என்னத்துக்கு ஓடினிய?”

“உன்னப் பிடிக்க.”

“குதிரைய ஓடிப் பிடிக்கவா?” என்று சிரித்தவள், என் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“பயந்துட்டியளா?”

“இல்ல.”

“எனக்கு பயம் உண்டு. நீங்க விளிச்சது கேட்டுதுல்லா, அதுலயாக்கும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. பிங்கியும் நின்னுட்டு.”

எழுந்திருக்கப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி நடக்க முடியவில்லை. அந்தத் தடத்தில் ஜீப் வராது. ஆகவே உங்கள் தங்கை என்னைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சிப்பாறையில் காட்டு வாசலில் கூட்டம் காத்திருந்தது. குதிரைமேல் இருந்தது நான்தானே? பொன்னாடை என் தோளில் விழுந்தது. “ஐயோ, நான் இல்ல” என்று கத்தினேன். “சும்மா இரியுங்க, போட்டோ எடுக்கான்” என்று கீழிருந்து என் காலைக் கிள்ளினாள். மறுநாள் பேப்பரில் என் படம்: ‘காட்டுக்காகக் களமிறங்கிய ஓய்வுபெற்ற வில்லேஜ் ஆபீசர்’. சந்தையில் இப்போது எனக்குப் பெயர் குதிரை சார். இவளுக்கோ ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த வருஷம் இதைவிட நீண்ட பயணமாம், பெயர் கொடுத்துவிட்டாள்.

ஆகையால் மச்சான் உடனே வரவேண்டும். நீங்கள் ஒரு வார்த்தை அதட்டினால் அவள் கேட்பாள். நான் அதட்டினால் எனக்குத்தான் இருமல் வருகிறது. குதிரைப் பேச்சு இந்த வீட்டில் இனி எழக்கூடாது.

அக்காவுக்கு என் பணிவான விசாரிப்பு. உங்கள் முழங்கால் வலி, குறைந்தபட்சம் ரயில் ஏறும் அளவுக்காவது குறைய மகேசுவரன் துணையிருக்கட்டும்.

தங்கள் அன்புக்கு என்றும் அடங்கிய,
செல்லசாமி.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பிங்கியின் சொந்தக்காரர் ஈசாக் காலையில் போன் செய்தார். அது சரியாகத் தின்னவில்லையாம், கொஞ்ச நாள் எங்கள் தோட்டத்தில் நிறுத்தலாமா என்று கேட்டார். பிரேமா வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் போனைப் பிடுங்கி, உடனே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்தால் அவளிடம் ஒன்றும் பேச வேண்டாம். அங்கே சவாரிக் கால்சட்டை நல்லதாகக் கிடைக்குமாம். ஒன்று வாங்கி வாருங்கள். இடுப்பு முப்பத்தெட்டு. பிரேமாவிடம் ஏற்கெனவே இருக்கிறது.