களிமண்ணோடு நடந்த வெட்டிவேர்ப் போர்

மண்வெட்டியையே ஒற்றைத் தந்தமாய் ஏந்திய களிறனையவரும், மணலைக் கண்டால் முகஞ்சுளிப்பவரும், தாம் சொன்ன சொல்லினின்று மலை பெயரினும் பெயராதவருமான மூத்த மாப்பிள்ளை வாழ்க! அவர்தம் முழங்காலில் அப்பிய புழுதியும் வாழ்க!

பதினெட்டுத் திங்களுக்கு முன், குத்தகைக்கு வந்த நிலமிரண்டில் பொலபொலவென்ற மணற்பாங்கை மைத்துனன் தலையில் கட்டிவிட்டு, கருத்துக் கொழுத்த களிமண்ணைத் தாம் கவர்ந்துகொண்டு, "மணல்ல சின்னப் பிள்ளைங்க விளையாடும். வெட்டிவேர் வருமா?" என்று திருவாய் மலர்ந்தவர் இவரே. வந்தது. மைத்துனன் இழுத்தான், மணல் உதிர, முழநீள வேர் முனைமுறியாமல் எழுந்தது. மாப்பிள்ளை இழுத்தார், நிலமும் இழுத்தது.

எண்ணெய் வடிக்கும் கொப்பரையோ ஊருக்கு ஒன்று. அதன் அதிபதியாகிய கொப்பரைக்காரர் முரசறைந்தார்: "இன்னைக்கு உங்க முறை. பன்னெண்டு மணிக்குள்ள கூடை நிறையலேன்னா உங்க மச்சான் வேரைப் போட்டு மூடிடுவேன்!" அவர் கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும் என்பது வேறு கதை. கூடை நிறைய இன்னும் ஒரே ஒரு தூர் வேர் வேண்டும்.

வேரை அலச வாளியோடு வரப்பில் நின்ற மனைவி, "நேத்தே மண்ணுல தண்ணி விட்டு ஊறப் போடுங்கன்னு சொன்னேன்ல?" என்றாள்.

"வீரனுக்கு எதுக்குடி ஈரம்!"

"அத்தான், நான் ஒரு கை பிடிக்கவா?" என்றான் மைத்துனன்.

"தள்ளி நில்லுடா! இது எனக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள வழக்கு!"

இங்ஙனம் சூளுரைத்து, குதிகால் புதைத்து, பல் கடித்து, கண்மூடி, கொல்லன் துருத்தியென மூச்செறிந்து, தூரின் குடுமியை இருகையாலும் பற்றி அவர் இழுக்க, முற்றுகையுண்ட கோட்டையெனக் கதவடைத்த களிமண் மறுமுனையை விடாது பற்ற, இருபெரும் படைக்கு நடுவே அகப்பட்ட தூதனென அவ்வேர் நடுங்க, கூடியிருந்தோர் மூச்சடக்க, படீரென்றோர் ஓசை எழ, வானம் கீழாய் நிலம் மேலாய் மாற, மல்லாந்து வீழ்ந்தார் மாப்பிள்ளை! வலக்கையில் வெற்றிக்கொடியென அத்தூரின் பச்சைப் புல் அசைந்தது. வேர் மட்டும் பகைவன் வசமே இருந்தது.

மணி பன்னிரண்டென்று கொப்பரையை மூட, கொப்பரைக்காரர் மூடியைத் தூக்கினார்.

மாப்பிள்ளையின் கூடையில் குறைந்த இடத்தை மைத்துனன் தன் மணல் வேரில் ஒரு கட்டு போட்டு நிரப்பினான்.